கார்டில் எழுதாத நோய்

போன செவ்வாய்க்கிழமை மாத்தளை டவுனில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் தங்கச்சி பரீதா. அவளுக்கு அந்தப் பக்கம் அவள் கணவர், என் மச்சான். மடியில் பைலை வைத்துக்கொண்டு அதன் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் பைலைப் புரட்டினாள்.

"சேர், ஆஸ்பத்திரி குடுத்த டயக்னோசிஸ் கார்டில கட்டி எடுத்ததுன்னு மட்டுந்தானே இருக்கு? வெறும் கட்டிக்கு இவ்வளவு பெரிய தொகை தர மாட்டாங்க. வேற ரிப்போர்ட் ஏதும் இல்லையா?"

இருந்தது. என் சட்டைப் பையில், நாலாக மடித்து. நான் எடுக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் பரீதாவுக்கு மார்பில் ஆபரேஷன். கேன்சர். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லைதான், ஆனால் தேதி தள்ளிக்கொண்டே போனது. பயந்துபோன மச்சான் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். "இன்சூரன்ஸ் இருக்குத்தானே மச்சான்" என்றார். வருஷா வருஷம் தவறாமல் கட்டியவருடைய தைரியம் அது.

அதே நேரம் பரீதாவின் மகளுக்கு உக்குவளையிலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று பின்வாங்கிவிட்டால்? நான்தான் டொக்டரிடம் போய்க் கெஞ்சினேன். "கார்டில நோயோட பேர் போடாதீங்க டொக்டர். கட்டின்னு எழுதினாப் போதும். கல்யாணம் பேசுற புள்ள வீட்டில இருக்கு." அவரும் இந்தப் பக்கத்து ஆள்தானே... முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வீரம் பேசுகிறவன் நான்! ஊர் வாய்க்குப் பயப்படாதீர்கள் என்று உங்களுக்கு எத்தனை தடவை உபதேசம் செய்திருப்பேன்? வெட்கமாக இருக்கிறது.

கவுண்டர் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அவங்களுக்கு என்ன வருத்தம் சேர்?"

பின்னால் எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். "கட்டிதான்" என்றேன்.

"கேன்சர்" என்றாள் பரீதா. நல்ல சத்தமாக. அண்ணனான என்னை அவள் கூப்பிடுவது நானா என்றுதான். "நானா, அந்த ரிப்போர்ட்ட எடுத்துக் குடுங்க. நான் என்ன களவெடுத்தா மாட்டிக்கிட்டேன்?"

கொடுத்தேன்.

அந்தப் பெண் நிதானமாக வாசித்தாள். "கார்டத் திருத்தி எடுத்துட்டு வாங்க. ஆபரேஷனுக்கு எழுதிப் போடலாம். கீமோ ஊசிக்குத்தான் கஷ்டம்."

"ஏன்?"

"ஒரு ராத்திரியாவது வார்டில தங்கியிருக்கணும் சேர். போட்ட அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டா பொலிசியில சேராது. மேலிடத்தில கேட்டுத்தான் சொல்லணும்."

காலையில் போய், நாற்காலியில் சாய்ந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, பின்னேரம் வாந்தியோடு வீட்டுக்கு வருகிறாள் என் தங்கச்சி. இன்னும் நாலு தடவை இருக்கிறது. ஒரு தடவைக்குப் போகிற காசில் மச்சானின் நெல் கடை இரண்டு மாதம் ஓடும். கட்டிலில் படுத்தால்தான் கேன்சர், நாற்காலியில் உட்கார்ந்தால் வெறும் சளித் தடிமனா? யார் இதையெல்லாம் எழுதுகிறார்கள்?

வெளியே வந்ததும் மச்சான், வில்கமுவவிலிருந்து நெல் ஏற்றுகிற தன் லொறியை விற்கப் போனில் விலை பேச ஆரம்பித்துவிட்டார். லொறி போனால் நெல் எதில் வரும் என்று கேட்டேன். "அவ இருந்தாத்தானே மச்சான் நெல்லும் கடையும்" என்றார்.

அன்று பின்னேரமே பரீதா உக்குவளைக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "ஊர் சொல்லித் தெரியுறத விட நான் சொல்லித் தெரியட்டும்." மாப்பிள்ளையின் உம்மா, "வீட்டு ஆம்பளைங்ககிட்ட கேட்டுச் சொல்றோம்" என்றாராம்.

அதிலிருந்து போன் அடித்தால் வீடே எழுந்து நிற்கிறது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த ஒரு பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். அங்கே போய் என்ன செய்கிறேன்? ஒன்றுமில்லை... ரோட்டைப் பார்க்கிறேன்.

நாளை மறுநாள் அடுத்த ஊசி. இன்சூரன்ஸும் கேட்டுச் சொல்கிறதாம், உக்குவளையும் கேட்டுச் சொல்கிறதாம். யாரிடமும் எதையும் கேட்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த நோய் ஒன்றுதான்.