கொடுவாத் தலை யாருக்குச் சொந்தம்

எனக்குப் பூனை பிடிக்காது. நாயும் அப்படித்தான், ஆனால் நாயைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. வீட்டில் எதை வளர்ப்பது என்பது அவரவர் விருப்பம். கடையில் வளர்ப்பது வேறு விஷயம். அங்கே அந்தப் பிராணிக்குத் தீனி போடுவது கடைக்காரர் அல்ல, வாங்க வருகிறவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் இந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இதை எழுத்தில் கொடுத்ததால் பெரிய மார்க்கெட்டில் ஒரு பெண்ணின் இடம் போயிற்று. அதையும் மாற்ற முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போய் இரண்டு வருடம்கூட ஆகாத சமயம். ஆட்சி மாறியிருந்தது, சட்டம் மாறவில்லை. பழைய விதிகளே அமலில் இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்த மேலதிகாரிகள் போய்விட்டார்கள், புதிதாக வந்தவர்களுக்கு அந்த மொழி தெரியாது. பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்தான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். எந்தக் காரியத்துக்கு எந்த முத்திரைத் தாள், எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகவேண்டும் என்று என்னிடம் கேட்க ஊரில் பாதிப் பேர் வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சம் அல்ல.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, மீன்தான். என் மனைவிக்குக் கொடுவா மீனின் தலை வேண்டும். மாங்காய் போட்டுக் குழம்பு வைப்பாள். அந்தக் குழம்புக்காக வியாழக்கிழமையே அம்மியைக் கழுவி வைக்கிறவள்.

மீன் பகுதியில் தூண் ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நாற்பது வயதிருக்கும், புருஷன் கடலில் போனவன், வீட்டில் பிள்ளைகள், மாமியார் உட்கார்ந்த அதே இடத்தில் இவள். அவள் மீன் நல்ல மீன், அதை மறுக்கமாட்டேன். அரிவாள்மனைக்குப் பக்கத்தில் ஒரு செவலைப் பூனை, கழுத்தில் நீலக் கயிறு கட்டி, வரவு பார்க்கும் முதலாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். அவள் முழு மீனைத் தராசில் வைத்து எடை சொல்வாள். அப்புறம் செதில் எடுத்து, குடல் எடுத்து, துண்டு போடுவாள். பேச்சோடு பேச்சாகத் தலை பூனைப் பக்கம் போய்விடும். எல்லா மீனிலும் அல்ல. தலை வேண்டாம் என்று சொல்கிற வாடிக்கைதான் அதிகம், அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போகும். என் மீனிலும் போயிற்று. இரண்டு வெள்ளிக்கிழமை பொறுத்தேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை கேட்டேன்.

"தலை எங்கே?"

"ஐயோ, கவனிக்கல முசே. அதுக்குப் போட்டுட்டேன். அடுத்த வாட்டி எடுத்து வைக்கிறேன்."

கால்சட்டை போட்டு ஆபீசுக்குப் போகிறவர்களையெல்லாம் அவள் முசே என்பாள், பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டுப் பழகிய வாய்.

"எடையில் தலை இருந்தது அல்லவா? எடை போட்ட பிறகு அது வாங்கினவனுடைய பொருள். என் பொருளை எடுத்து உன் பூனைக்குப் போட உனக்கு உரிமை இல்லை."

"ஒரு தலைக்கா இவ்ளோ பேச்சு? பாரு, அது பாட்டுக்கு நக்கிக்கிட்டு இருக்குது. வேணும்னா புடுங்கிக்குங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூனையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. மார்க்கெட் வாசலில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர் அப்போது அங்கே இருந்தார். ஆட்சி மாறிய வாரத்திலிருந்து கதர்த் துண்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதற்கு முந்தைய வாரம் வரை கதர்த் துண்டோடு யாரும் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

"ஏன் சார்," என்றார், "தொரசானி ஒருத்தி வருவாளே, குட்டி நாயக் கூட்டிக்கிட்டு. அந்த நாய் இங்க இருக்கற ஒவ்வொரு மீனையும் மோந்து பாத்துட்டுப் போவும். அப்ப எங்க சார் போயிருந்துச்சு உங்க உரிம? வெள்ளக்காரன் நாய்க்கு வாய மூடிக்கிட்டிருந்தீங்க. நம்ம ஆட்சி வந்ததும் நம்ம ஜனத்து மேல பாயறீங்க. இதான் உங்க தேசபக்தியா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த நாயைப் பற்றியும் நான் ஒரு புகார் எழுதியிருந்தேன், நல்ல பிரெஞ்சில், இரண்டு பக்கம். அனுப்பவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஆகவே என்னிடம் பதில் இருந்தும் அதைச் சொல்ல முடியவில்லை. மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தேசபக்தியைப் பற்றி அன்று மத்தியானம் முழுவதும் யோசித்தேன். நம் ஆள் ஏமாற்றினால் பொறுத்துக்கொள்வதுதான் பக்தி என்றால், ஆட்சி மாறியதில் வாங்குகிறவனுக்கு என்ன லாபம்? அந்நியனிடம் கேட்கப் பயந்தோம். நம்மவனிடமாவது கேட்கவேண்டும், அதற்குத்தானே நம்மவன். இப்போதும் இதில் தவறு என்ன என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த வெற்றிலைக்காரர் என்னைக் கோழை என்று சொல்லாமல் சொல்லியிருந்தார், அதுவும் உண்மையாக இருந்தது. அந்தக் கோபத்தில்தான் இந்த முறை அனுப்பினேன்.

புகார் ஒழுங்காக இருந்தது. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதினேன். எடை போட்ட மீனின் எல்லாப் பாகமும் வாங்குகிறவருக்கே தரப்படவேண்டும்; மீன் பகுதிக்குள் பிராணிகளை அனுமதிக்கக் கூடாது. இவ்வளவுதான் கேட்டேன். தண்டனை கேட்கவில்லை. எந்த இடத்தில் நடந்தது என்ற கட்டத்தில் மட்டும், அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால், தூணின் எண்ணை எழுதினேன்.

மார்க்கெட்டைக் கவனித்துக்கொண்ட அதிகாரி சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர், இளைஞர், நல்லவர். நல்லவர் என்பதுதான் சங்கடம். என்னை அழைத்து உட்காரவைத்தார்.

"இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து எனக்கு வந்த மொத புகார் இது. எல்லாரும் சலுகைதான் கேக்கறாங்க. நீங்க உரிமை கேட்டிருக்கீங்க. நல்ல குடிமகன் சார் நீங்க."

நான் மகிழ்ந்துபோனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். சுதந்திர தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டைச் சுத்தம் செய்து காட்டவேண்டும் என்று மேலிருந்து அவருக்கு உத்தரவு. சுண்ணாம்பு அடித்தார்கள், தோரணம் கட்டினார்கள். என் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூண் தூணாகப் பார்த்து, 'பொதுமக்களின் புகாரின் பேரில்' அந்த ஒரு இடத்தை ரத்து செய்தார்கள். பொதுமக்கள் என்பது நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது தூண் ஓரம் கழுவி விடப்பட்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரி ஒருத்தி, "வாங்க சார், தல நெறைய இருக்குது, எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள். மீன் வாங்காமல் திரும்பினேன். அன்று முட்டைக் குழம்பு. மனைவி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பாத்திரங்கள் கேட்டன.

சாப்பிட்ட கையோடு அதிகாரியிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

"அதெப்படி சார் முடியும்?"

"நான் கொடுத்தது. நானே எடுத்துக்கொள்கிறேன்."

"குடுக்கற வரைக்கும் உங்களுது. நம்பர் போட்டப்புறம் ஆபீசோடது. உங்களுக்கா தெரியாது?"

தெரியும். பிறந்த குழந்தையின் பெயரை மாற்றவேண்டும் என்று மறுநாளே ஓடிவந்த எத்தனை தகப்பன்மாருக்கு இதே பதிலை நான் சொல்லியிருக்கிறேன். புகார் கொடுக்க வழி இருக்கிறது, தண்டிக்கப்பட்டவர் முறையிட வழி இருக்கிறது, புகார் கொடுத்தவன் வருத்தப்பட ஒரு வழியும் இல்லை. அந்த அம்மாள் பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார் அதிகாரி. பூனை அவளுடையது அல்ல, மார்க்கெட்டில் திரிகிற பூனை என்று எழுதிக் கொடுத்தால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் அவராகவே சொன்னார். நல்லவர் என்று முன்பே சொன்னேன்.

அன்றே மனுவை எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மனு நான் எழுதியதில்லை. எடுத்துக்கொண்டு குருசுக்குப்பத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். கடலைப் பார்த்த ஓலை வீடு. வாசலில் வலை காய்ந்தது, வலைமேல் பூனை படுத்திருந்தது. அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எம்மேல எழுதினதும் நீங்க. எனக்காக எழுதறதும் நீங்களா? நல்ல வேலதான் முசே இது."

"கைநாட்டு வை. இரண்டு வாரத்தில் இடம் வந்துவிடும். வாசிக்கிறேன், கேள்."

வாசித்தேன். பூனையைப் பற்றிய வரி வந்ததும் கையைத் தூக்கினாள்.

"இரு இரு. என் பூன இல்லன்னா எழுதியிருக்குது?"

"ஆமாம். அந்த ஒரு வரிதான் முக்கியம்."

"எம்பூன முசே அது. என் ஊட்டுக்காரரு கடலோட போனாரே, அந்த வருசம் எங்கேர்ந்தோ வந்து ஒட்டிக்கிச்சு. இதோ இந்தக் கயிறு நான் கட்டனது. மார்க்கெட்ல அத்தினி பேருக்கும் தெரியும். என் பூனய என் பூன இல்லன்னு சொல்லிட்டு அந்த எடத்துல போய் எப்படி ஒக்காருவேன்?"

"யாரும் கேட்கப்போவதில்லை. இது காகிதத்துக்கு. பூனை உன்னோடுதான் இருக்கப்போகிறது."

"காகிதத்துல இல்லன்னு சொல்லிட்டு ஊட்ல வச்சிக்கறதா? அப்ப காகிதம் எதுக்கு?"

முப்பது வருடம் காகிதத்தில் வேலை செய்தவன் நான். இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பூனைக்கு நாடும் இல்லை, மானமும் இல்லை, ஒரு வரியால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளின் சாப்பாட்டை நினைத்துப் பார் என்றேன். அது தப்பான பேச்சு.

"பிள்ளைங்க சாப்பாட்டப் பத்தி நீங்க பேசாதீங்க சார்," என்றாள். முதல் முறையாக சார் என்றாள்.

கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "தலயக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"கேட்டேனே."

"எங்க கேட்டீங்க? சட்டம்தான் பேசினீங்க."

பதினைந்து நாட்களும் மனுவைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நானே ஒரு கைநாட்டு வைத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் மனுவை மேஜை இழுப்பறையில், நாய்ப் புகாருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அந்த இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. புதுத் தராசு, புது எடைக்கற்கள், பூனை கிடையாது. தலையை முன்பே வெட்டித் தனியாக வைத்துத் தனி விலைக்கு விற்றார். சட்டப்படி அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கேட்ட எல்லாம் கிடைத்துவிட்டது.

அவள் கூடை தூக்க ஆரம்பித்தாள். தெருத்தெருவாக, வெயிலில். எங்கள் தெருவைத் தவிர்ப்பாள் என்று நினைத்தேன், தவிர்க்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசலில் கூடையை இறக்கி, என் மனைவியோடு பேரம் பேசுவாள். தராசு கிடையாது. கூறு கட்டி வைப்பாள், பிடித்தால் எடு, இல்லாவிட்டால் விடு. கூறுக்கு எந்த விதியும் கிடையாது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன். கூறு சிறிதா பெரிதா என்று நான் உள்ளே இருந்தபடி எட்டிப் பார்ப்பேன். ஒரு தலை எப்போதும் தனியாக வைத்திருப்பாள். "இந்தாங்கம்மா, முசேகிட்ட காட்டிடுங்க, அப்பறம் எழுதிடப் போறாரு," என்பாள். மனைவி சிரிப்பாள். எனக்கு அந்தக் குழம்பு இறங்காது.

ஆறு வருடம் கழித்து, ஊரை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் உறுதியாகி, ஊர்க்காரர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். வேண்டும் என்கிறவர் கையெழுத்துப் போடவேண்டும். ஒன்றும் செய்யாதவர் இந்தியர். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமல் நான் முடித்த ஒரே காரியம் அதுதான். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவ வரிசைக்குப் போனபோது அந்த வெற்றிலைக்காரர் நின்றிருந்தார். துண்டு இல்லை.

"பையன் அங்க போய்ப் படிக்கட்டும்னுதான் சார்," என்றார் நான் கேட்காமலே. "மனசால நான் இந்தியந்தான். இது சும்மா காகிதத்துக்கு."

அவர் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை படிப்பு பெரிய விஷயம். படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன், எந்த இடத்தில் கையெழுத்து என்றும் காட்டினேன். நன்றி சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது நானே வாசலுக்குப் போனேன். வெற்றிலைக்காரர் காகிதத்தைப் பற்றிச் சொன்னதை அவளிடம் சொல்லவேண்டும் போல் இருந்தது. அவள் தலைமுடி வெளுக்க ஆரம்பித்திருந்தது. கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பூனை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"அது செத்து ரெண்டு வருசம் ஆச்சு முசே," என்றாள். "என்னா வேணும் சொல்லுங்க. வெயில் ஏறுது."

ஒரு கூறு எடுத்துக்கொண்டேன். அதைக் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தனியாக வைத்திருந்த தலையை அவள் எடுத்துக் கொடுத்தாள், அதையும் வாங்கிக்கொண்டேன். தலை என்னுடையதுதான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவள் கூடையைத் தலையில் ஏற்றக் கை கொடுக்கச் சொன்னாள். தூக்கிவிட்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.