பண்ணை வீட்டு ஆச்சிக்குப் படித்த புத்தகம்

அந்தப் புத்தகத்தை நான் முதன்முதலில் படித்தது எனக்காக அல்ல. கண் மங்கிப்போன ஒருவருக்காக, அவர் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து உரக்கப் படித்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பண்ணை வீட்டு நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அம்மாவுக்கு வயல் வேலையோடு அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கூட்டி அள்ளும் வேலையும் உண்டு. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

பண்ணை வீட்டு ஐயாவின் மனைவியை ஊரில் எல்லோரும் ஆச்சி என்போம். சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. மெட்ராஸில் வேலையில் இருந்த மகன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு புத்தகம் வாங்கி வந்திருந்தார். நாடக மேடையிலும் சினிமாவிலும் பேர் வாங்கிய ஒரு சிரிப்பு நடிகர், வாரப் பத்திரிகையில் எழுதிய சின்னச் சின்ன நகைச்சுவைக் கட்டுரைகளின் தொகுப்பு. ரேடியோவில் அந்த நடிகரின் குரல் கேட்டால் ஆச்சி கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாராம். இப்போது புத்தகம் வந்துவிட்டது, படிக்கத்தான் கண் இல்லை. ஐயா தினசரியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

"ஒன் பொண்ணு நல்லாப் படிக்குமாமே. மத்தியானத்துல வந்து கொஞ்சம் படிச்சுக் காட்டச் சொல்லேன்" என்று ஆச்சி அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

போனேன். ஆச்சி கதவுக்கு உள்ளே ஒரு பலகையில் உட்கார்வார். நான் வெளியே படியில் உட்கார்வேன். புத்தகத்தை நிலைப்படியில் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். தண்ணீர் குடிக்க எனக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் கொல்லைச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும். அதெல்லாம் எனக்குப் புதிதில்லை. அவர் சிரித்த சிரிப்புதான் புதிது. முதலில் தோள் மட்டும் குலுங்கும். சத்தம் வராது. அப்புறம் மூச்சு வாங்க, "இரு, இரு" என்று கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒரு பெரிய வீட்டு மனுஷி அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டு நாள் பாடப் புத்தகத்தை ஒப்பிப்பதுபோல் கடகடவென்று படித்தேன். பிறகு எனக்கே ஒன்று பிடிபட்டது. சிரிப்பு வரும் வாக்கியத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினால், நான் வாய் திறப்பதற்குள்ளேயே ஆச்சியின் தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். அது எனக்கு ஒரு போதைபோல ஆகிவிட்டது. மாமியார் வீட்டில் கூச்சப்பட்டு, கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்லாமல் விட்ட ஒருவன் இருபது வருஷம் கத்தரிக்காயே தின்ற கதை ஒன்று அதில் இருந்தது. அதை மட்டும் ஆச்சி என்னை நான்கு தடவை படிக்க வைத்தார். "எங்க வீட்டு ஐயாவும் இப்படித்தான். பாகற்காய்" என்று ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இருவரும் சேர்ந்து சிரித்தோம். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லாம் அப்படி இருக்கவில்லை. புத்தகத்தின் நடுவில் ஒரு வேலைக்காரன் வருவான். கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த வயக்காட்டு ஆள். எதைச் சொன்னாலும் தப்பாகச் செய்வான். விசிறி கொண்டுவா என்றால் முறம் கொண்டுவருவான். அந்த நடிகர் அவனுக்கு வைத்திருந்த பெயர் என் அப்பாவின் பெயர். எங்கள் ஜனத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர்தான். நான் படித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வரியிலும் அந்தப் பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. ஆச்சி சிரித்துச் சிரித்து இருமினார். தினமும் ஐயா தன் வாயால் அதட்டிக் கூப்பிடும் பெயர் அது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த கட்டுரைக்குப் பக்கத்தைத் திருப்பினேன்.

ஆட்சி கைமாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. சுவரெல்லாம் எழுத்து, கூட்டம் கூட்டமாகப் பேச்சு. குடியிருக்கும் மனை எங்களுக்கே சொந்தமாகும் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் செங்கொடி ஏறியிருந்தது. "இனிமே யாரையும் ஆண்டைன்னு கூப்பிடாதீங்க, ஐயான்னு சொன்னாப் போதும்" என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சொன்னதை அப்பா வீட்டில் வந்து எங்களுக்குச் சொல்லிப் பழக்கினார். பழகிய வாய்க்கு அதுவே கஷ்டமாக இருந்தது.

அந்த வருஷம் சம்பா அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் வந்தது. அம்மா மாட்டுக் கொட்டகைக்குப் போவதை நிறுத்தினார். "நீயும் போகவேண்டாம்" என்றார் அப்பா. போகவில்லை. மூன்றாவது நாள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் வரப்பில் படுத்து மறித்தார்கள். போலீஸ் வந்து அப்பாவையும் இன்னும் சிலரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. கொடுத்த புகாரில் ஐயாவின் கையெழுத்து இருந்தது.

அவர்களை விடச் சொல்லித் தாலுகா ஆபீசுக்குப் பெண்கள் ஊர்வலம் போவதாக முடிவானது. புறப்படுவதற்கு முன் காலையில் எங்கள் தெருமுனையில் கூட்டம். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த சங்கத்து அக்கா ஒருவர், "படிச்ச பொண்ணு, நீ ரெண்டு வார்த்தை பேசும்மா" என்று என்னைப் பெஞ்சியின் மேல் ஏற்றிவிட்டார்.

நான் எழுதி வைத்திருந்ததைப் பேச ஆரம்பித்தேன். உழைப்பு, உரிமை என்று. யாரும் கேட்கவில்லை. குழந்தைகள் அழுதன, பின்னால் இருந்தவர்கள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஏனோ கண்ணை இடுக்கிக்கொண்டு, கையை முன்னால் நீட்டித் துழாவி, ஆச்சியின் குரலில், "யாருடி அது, வெளிச்சத்த மறைக்கிறது?" என்றேன். முன்வரிசை கொல்லென்று சிரித்தது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குமேல் எனக்கு எதுவும் நினைவில் இல்லாமல் போய்விட்டது, அந்தச் சிரிப்பைத் தவிர. அலுமினிய டம்ளரைச் சொன்னேன். படியில் உட்கார்ந்ததைச் சொன்னேன். அவை உண்மை. சிரிப்பு கொஞ்சம் தணிகிறது என்று தெரிந்ததும் ஒரு மூச்சு நிறுத்தினேன். பிறகு சொன்னேன்.

"நான் தொட்டுப் படிச்ச புஸ்தகத்த, நான் அந்தாண்ட போனதும் மஞ்சத்தண்ணி தெளிச்சு வெயில்ல காயப்போடுவாங்க. அதான் அதுல இருக்கிற பக்கமெல்லாம் மஞ்சளா இருக்கு."

அது பொய். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. பெஞ்சியின் மேல் நிற்கும்போது வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கணவன்மார் சிறையில் இருக்க, உலை வைக்க அரிசி இல்லாமல் இருந்தவர்கள் அப்படிச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும், நடக்காது என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஊர்வலம் பண்ணை வீட்டு வாசல் வழியாகத்தான் போனது. கதவு சாத்தியிருந்தது. கோஷங்களுக்கு நடுவே யாரோ ஒருத்தி உரக்கக் கேட்டாள்: "ஆச்சி, புஸ்தகம் காஞ்சிடுச்சா?" அதற்கப்புறம் தெரு முழுக்க அதுவே கோஷம் ஆகிவிட்டது. ஜன்னலுக்குப் பின்னால் அவர் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் தலையைத் திருப்பாமல் நடந்தேன்.

பத்து நாளில் அப்பாவை விட்டார்கள். தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்து, கேட்டதில் பாதி கிடைத்தது. எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அம்மாவும் மாட்டுக் கொட்டகைக்குப் போனார். ஒரு மாதம் கழித்து ஒருநாள், "ஆச்சி ஒன்ன வரச் சொன்னாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மத்தியானம் போய்ப் படியில் நின்றேன். ஆச்சி அதே பலகையில் இருந்தார். பார்வை இன்னும் குறைந்திருந்தது. என் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் முகத்தைத் திருப்பினார்.

"ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"நான் அப்படிச் செஞ்சனா?"

நான் கொல்லைச் சுவரில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரைப் பார்த்தேன்.

"டம்ளர் தனியா வச்சேன், நெசம். உள்ள வான்னு ஒருநாளும் கூப்பிடல, அதுவும் நெசம். அதச் சொல்லி நீ காறித் துப்பியிருந்தாலும் எனக்குப் பேச வாய் கெடையாது. இல்லாதத ஏன் சொன்ன?"

"சிரிப்பாங்கன்னு சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனதைச் சொல்லலாமா, அந்தக் கையெழுத்தைச் சொல்லலாமா என்று எனக்குள் கொதித்தது. வேலைக்காரன் கதையில் வந்தது யாருடைய பெயர் என்று கேட்கலாமா என்றும் நினைத்தேன். அதற்குள் ஆச்சி பக்கத்தில் வைத்திருந்த புத்தகத்தைத் தடவி எடுத்தார். இத்தனை நாளும் நிலைப்படியில் வைப்பவர், அன்று கதவுக்கு வெளியே கையை நீட்டி என்னிடமே கொடுத்தார்.

"இன்னும் நாலஞ்சு பாக்கி இருக்கு. படி" என்றார்.

நான் வாங்கவில்லை. தஞ்சாவூரில் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது, நாளைக்கே போகவேண்டும், துணி துவைக்க வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். இடம் கிடைத்தது உண்மைதான். போவதற்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, நான் எழுந்துவிட்டதுகூடத் தெரியாமல். நான் கொல்லை வேலியைத் தாண்டி வந்துவிட்டேன்.

பயிற்சி முடிவதற்குள் ஆச்சி இறந்துபோனார். விடுமுறையில் வந்தபோது அம்மா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே சொன்னார். புத்தகத்தை அப்புறம் யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டேன். "யாரு படிப்பா" என்றார் அம்மா. வேலைநிறுத்தம் முடிந்து திரும்பிப் போனதிலிருந்து அந்த வீட்டில் தான் என்ன பாடுபட்டார் என்று அம்மா என்னிடம் சொன்னதில்லை. அவர் வயதாகிப் படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருநாள் நானே கேட்டேன். "ஆச்சி ஒரு வார்த்த கேக்கல. அவுங்க கேட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். தெனமும் அவுங்க மொகத்தப் பாத்துக்கிட்டே சாணி அள்ளினேன்" என்றார். அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தத் தொகுப்பு கிடைத்தது. அட்டை வேறு, பதிப்பு வேறு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே மூச்சில் படித்தேன். பாதிக்குமேல் சிரிப்பே வரவில்லை. வேலைக்காரன் கதையில் அப்பாவின் பெயர் இருபத்தாறு இடங்களில் வருகிறது. அன்று எண்ணவில்லை, இப்போது எண்ணினேன். கத்தரிக்காய்க் கதையில் மட்டும் ஓரிடத்தில் சிரித்துவிட்டேன். நான் படிக்காமல் விட்ட கடைசி நான்கும் நன்றாகவே இருந்தன. அதில் ஒன்று, மூக்குக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே வீடு முழுக்கத் தேடும் ஒரு கிழவியைப் பற்றியது. ஆச்சிக்குப் பிடித்திருக்கும்.

சென்ற வருஷம் எங்கள் பக்கத்துப் போராட்டங்களைப் பற்றி ஒரு இளைஞர் சின்னப் புத்தகம் எழுதினார். எங்கள் தெருப் பிள்ளைதான், கல்லூரியில் பாடம் சொல்கிறார். அச்சுக்குப் போவதற்கு முன் என்னிடம் காட்டினார். அதில் இருந்தது: எங்கள் ஜனம் தொட்ட புத்தகங்களுக்குப் பண்ணை வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காயவைப்பார்கள் என்று. ஊரில் நான்கு கிழவிகள் சொன்னதாகக் குறிப்பு வேறு.

"தம்பி, இது நடக்கல. நான்தான் கட்டிச் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் சங்கடத்தோடு பார்த்தார். "இதைவிட மோசமா எவ்வளவோ நடந்திருக்கேங்க, டீச்சர். இது நடக்காட்டியும் நடந்திருக்கக் கூடியதுதானே" என்றார்.

"மோசமா நடந்தத எழுதுப்பா. நானே சொல்றேன். இத எடுத்துடு."

எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்தும்விட்டார். ஆனால் மன்னார்குடியில் வெளியீட்டு விழாவில் பேச வந்தவர்களில் ஒருவர், எங்கள் ஊர்க்காரர், புத்தகத்தில் இல்லாத ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து மஞ்சள் தண்ணீர் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். சரியான இடத்தில் நிறுத்திச் சொன்னார். மண்டபம் சிரித்தது. "அந்தப் பெண் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

எழுந்து நின்று, அது பொய் என்று சொல்லியிருக்கலாம். மைக் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்தேன், கை கூப்பினேன், சிரித்தேன், உட்கார்ந்துவிட்டேன்.