பிலோமினா திருத்திய சாட்சியம்

அடம்பன் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அழைத்தது. "பிலோமினா மிஸ் போயிட்டா, அண்ணை" என்று சொல்லிவிட்டு, எங்கள் நீதிமன்றத்துச் சட்டத்தரணி ஒருவர் அழுதார். நான் செத்தால் இந்த மனிதர் அழுவாரா என்பதே எனக்கு முதலில் தோன்றியது. பிலோமினாவை அறிந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருவரும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள். சிங்களத்தில் சாட்சி சொல்பவர்களின் வார்த்தைகளைத் தமிழில் சொல்வது வேலை. நான் அவருக்கு மூத்தவன். ஆனாலும் சிக்கலான வழக்கென்றால், "பிலோமினா மிஸ் நிக்கிறாவோ?" என்றுதான் கேட்பார்கள். நான் பக்கத்துக் கதிரையில் கோப்புப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

நண்டு வியாபாரி ஜெசிந்தா, லொறிக் கம்பனி ஒன்றுக்கு எதிராகப் போட்ட வழக்கும் அவரிடமே போனது. கொழும்புக்கு ஏற்றிய நண்டு முழுவதும் வழியில் பழுதாகியிருந்தது. லொறியின் குளிரூட்டி தானாக நின்றதா, டீசலை மிச்சம் பிடிக்கச் சாரதி நிறுத்தினாரா என்பதுதான் கேள்வி. சாரதி சிங்களத்தில் பதில் சொன்னார். "நிறுத்தினேன்" என்று பிலோமினா தமிழில் சொன்னார். ஜெசிந்தா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சாரதி சொன்னது "நின்றது" என்று. சிங்களத்தில் இரண்டு சொற்களும் ஒலியில் நெருங்கியவை. பின்வரிசையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கட்டும், எல்லார் முன்னும் அவர் தலைகுனியட்டும் என்று காத்திருந்தேன். கம்பனியின் சட்டத்தரணிக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் காலை மன்று கூடியதும் பிலோமினா எழுந்தார்.

"ஐயா, நேற்று நான் பிழையாகச் சொல்லிப்போட்டன். வீட்டுக்குப் போய் யோசிச்சபிறகுதான் விளங்கினது. சாட்சி 'நின்றது' என்றுதான் சொன்னவர்."

குரல் நடுங்கியது. சாரதியை மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார். கடைசியில் ஜெசிந்தா தோற்றார். இருவருக்கும் ஒரே கோயில். அதன்பின் பூசையில் ஜெசிந்தா பிலோமினா இருக்கும் வாங்கில் உட்கார்ந்ததில்லை. அதில் எனக்கொரு சந்தோசம்.

அடக்கத்துக்கு ஜெசிந்தா வந்திருந்தார். "அவ பொய் சொல்லுவா எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை. எண்டாலும் கதைக்க மனம் வரேல்லை" என்று அழுதார். பெட்டியில் கிடந்தவர்மேல் எனக்கு அப்போதும் பொறாமை வந்தது.

ஒன்று மிச்சமிருக்கிறது. சாட்சியத்தைத் திருத்திய அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவர் கேட்டார்: "அண்ணை, நேற்று நீங்களும் பின்னால இருந்தனீங்கள். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "ஓம், ஃபேன் சத்தத்தில கேட்டிருக்காது" என்று சொல்லி, தன் மீன் பொரியலில் பாதியை என் தட்டில் வைத்தார். முதல்நாள் மன்றில் மின்சாரம் இருக்கவில்லை.

அந்த 'இல்லை'யைத் திருத்த எனக்கு எத்தனையோ காலைகள் இருந்தன. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, எழுந்து நின்று நடுங்கிய அந்தக் குரலைத்தான்.

பிலோமினா, எனக்குக் கேட்டது.