டயலர் வாங்க அம்மனிடம் பூ கேட்டேன்

அங்காளம்மனை நம்பி நடக்கும் சொந்தங்களே, யோசனை கேட்க ஒரு ஆளில்லாமல் நான் தவித்த கதையை உங்களிடம் சொல்ல வேண்டும்.

செஞ்சியில் சின்னதாக ஒரு கால் சென்டர் நடத்துகிறேன். எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக, சுற்றுப்பட்டு கிராமத்து நோயாளிகளுக்குப் போன் செய்து முகாமுக்கு வரச் சொல்வது எங்கள் வேலை. ஆரம்பித்தவர் என் கணவர். போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

சென்ற ஆடியில் ஆஸ்பத்திரி மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "கையால நம்பர் போட்டுனு இருந்தா வேலைக்காவாது மேடம். ஆட்டோ டயலர் வைங்க. இல்லன்னா சென்னை கம்பெனிக்குக் குடுத்துடுவோம்."

டயலர் விற்பவர்கள் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று, ஒரே நேரத்தில் பல பேருக்கு அடிக்கும். எடுத்தவரை, சும்மா இருக்கிற பெண்ணிடம் சேர்த்துவிடும். படு வேகம். இன்னொன்று, நோயாளியின் விவரத்தை முதலில் திரையில் காட்டும். பெண் படித்துப் பார்த்த பிறகு அந்த ஒருவருக்கு மட்டும் அடிக்கும். தப்பாக எடுத்தால் எட்டுப் பேர் பிழைப்பு போய்விடும். என் கணவர் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். வீட்டுக்குப் போனால் சுவரைத்தான் கேட்க வேண்டும். பயமாக இருந்தது.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனேன். வேகமானதற்குச் சிவப்புப் பூ, மெதுவானதற்கு வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டேன். "தாயே, எனக்கு யாருமில்லை, நீயே சொல்லு" என்று அழுதுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு. நிம்மதியாக பஸ் ஏறினேன்.

வேகமான டயலர் சோதனைக்கு வந்தது. எங்கள் பெண்கள் எல்லோரும் பேச்சில் இருக்கும்போது யாராவது எடுத்தால், அவர் ஹலோ ஹலோ என்பார், இந்தப் பக்கம் சத்தமே இருக்காது, கட்டாகிவிடும். "அதெல்லாம் சகஜம்" என்றார் விற்க வந்தவர். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மதியம் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். போன் அடித்தது. எடுத்தேன். தளவானூரிலிருந்து ஒரு பெரியவர்.

"காலைலேருந்து இந்த நம்பர்லேருந்து போன் வருதும்மா. எடுத்தா பேச மாட்டேங்குது. எம் பொண்ணு பக்கத்துல இருக்குதா?"

"இல்லீங்க ஐயா, இது கண் ஆஸ்பத்திரி போன்."

"கோச்சிக்கினு போன பொண்ணும்மா. பேச வாய் வராம வெச்சிடுதோன்னு நெனச்சிட்டேன். கழனிக்குக்கூடப் போவாம போனாண்டயே குந்தியிருந்தேன்."

என் கணவர் போன பிறகு, போன் அடிக்கிறபோதெல்லாம் நானும் ஒரு நொடி அவர்தானோ என்று நினைத்தவள்தான்.

அம்மன் மேல் கோபம் கோபமாக வந்தது. நீதானே சிவப்பைக் கொடுத்தாய் என்று படத்தின் முன்னால் நின்று சண்டை போட்டேன். அழுது ஓய்ந்த பிறகுதான் புரிந்தது. வெள்ளைப் பூ வந்திருந்தால், மேனேஜர் ஒரு அதட்டல் போட்டதும் மாற்றியிருப்பேன். இப்போது யார் அதட்டினாலும் மாற மாட்டேன். அந்த உறுதிக்காகத்தான் அவள் என்னைச் சுற்றி வளைத்துக் கூட்டிப் போயிருக்கிறாள்.

மெதுவானதையே வாங்கினேன். "கூட்டம் கொறைஞ்சா வேற ஆள் பாத்துக்குவோம்" என்றார் மேனேஜர். முகாம் அன்று வாசலில் நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எந்தக் கண், கூட யார் வருவார்கள் என்று விசாரித்துப் பேசியதில், வருவதாகச் சொன்னவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லை. வேலை எங்களிடமே இருக்கிறது. தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

தனியாக இருக்கிற சொந்தங்களே, அவளிடம் கேளுங்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால் சண்டைகூடப் போடுங்கள், ஆனால் விட்டு வந்துவிடாதீர்கள். தளவானூர் பெரியவரின் மகள் இன்னும் பேசவில்லை. நான் பேசுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் போட்டால், முதல் மணியிலேயே எடுத்து, "சாப்டியாம்மா?" என்கிறார்.