பழுப்புத் தாளில் அத்தையின் கை

என் இரும்புப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கும் கீழே, ஒரு பழுப்புத் தாள் இருக்கிறது. பார்சல் சுற்றி வந்த முரட்டுத் தாள். அதன் நடுவில் ஒரு கை வடிவத்தில் ஓட்டை. ஐந்து விரலும் தெளிவாகத் தெரியும். சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருக்கும். வெட்டியெடுத்த கை எப்போதோ கப்பலேறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கையை விட்டுவிட்டு ஓட்டையை யாராவது பத்திரப்படுத்துவார்களா என்று என் மருமகள் கேட்கிறாள். அவள் என் அத்தையைப் பார்த்ததில்லை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். புருஷனை இழந்து, தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மழைக்காலத்தில் குளிர்காய்ச்சலுக்கு வாரிக்கொடுத்துவிட்டு, பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்த அத்தைதான் என்னை வளர்த்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் நம்பியதில்லை. கீழ்நாட்டிலிருந்து உப்பு கொண்டுவருகிறவனின் படியைக் கவிழ்த்து, அடியில் தட்டிப் பார்ப்பாள். பூசாரி கொடுக்கும் திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள். "ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே வந்தான்னா, மொதல்ல கோழிய எண்ணிக் கூடையில அடை கண்ணு" என்பது அவள் எனக்குச் சொன்ன புத்தி.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மிஷன் ஆட்கள் தகரம் வேய்ந்து ஒரு கோயிலும் அதை ஒட்டிப் பள்ளிக்கூடமும் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டவர் ஒரு துரைசானியம்மா. கோடையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பிறகு, காலை வேளையில் பிள்ளைகள் வந்தால் பாட்டும் கதையும் கைவேலையும் சொல்லித் தருவதாக வீடு வீடாக வந்து கூப்பிட்டார். காசு வேண்டாம் என்றார். அத்தைக்கு அங்கேதான் இடித்தது. "லீவு உட்டப்புறம் எதுக்குப் பள்ளிக்கோடம்? ஆதாயமில்லாம ஆத்தக் கட்டி எறைப்பாங்களா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா, மற்ற பிள்ளைகள் போகிறார்களே என்றார். சரி, போகட்டும், ஆனால் நானும் போவேன் என்று அத்தை கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடக் கொட்டகை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் அரிவாளை வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும் வரை துரைசானியம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கைகள் செய்ததெல்லாம் செலவில்லாத வேலைகள். சாமைக் கஞ்சியைக் காய்ச்சிப் பசையாக்குவார். அடுப்புக் கரியும் மஞ்சளும் அவரை இலைச் சாறும்தான் வண்ணம். மூங்கில் சிம்பை வளைத்துக் குருவிக்கூடு செய்தோம். குன்றிமணியை ஒட்டிப் பூ செய்தோம். ஒருநாள் தாளில் இலவம்பஞ்சை ஒட்டி ஆட்டுக்குட்டி செய்யச் சொன்னார். அத்தை எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "ஏனுங்கம்மா, இந்த ஆட்ட எந்தச் சாமிக்கு வெட்டுவீங்க?" என்று கேட்டாள். துரைசானியம்மாவின் தமிழ் வேதப்புத்தகத்திலிருந்து இறங்கி வந்த தமிழ். "இது வெட்டப்படுவதற்கு அல்ல, மேய்ப்பன் தேடிக் கண்டடைந்த ஆடு" என்றார். வெட்டாத ஆட்டுக்கு இத்தனை மெனக்கெடலா என்று அத்தையின் சந்தேகம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டில் ஒரு சாவுக்கு அத்தை போயிருந்த அன்றுதான் அது நடந்தது. துரைசானியம்மா எங்கள் ஒவ்வொருவர் கையையும் பழுப்புத் தாளில் விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். கத்தரித்தோம். வண்ணம் பூசினோம். ஒவ்வொரு கையிலும் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி, நூலில் கோத்து, தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டார். காற்றில் எல்லாக் கைகளும் ஆடின. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்த அத்தை, காலைக்கூடக் கழுவாமல் நான் சொன்னதைக் கேட்டாள். கேட்டவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர்களை அளப்பதில்லை. மூச்சு நின்ற பிறகுதான் தலையிலிருந்து கால்வரை மூங்கில் குச்சியால் அளப்பார்கள்; அந்த அளவுக்குக் குழி வெட்டுவார்கள். குச்சியையும் உடலோடு உள்ளே போட்டுவிடுவார்கள், அளவு வெளியே சுற்றக் கூடாது என்று. பிள்ளை வளர்ந்துவிட்டதா என்று சுவரில் கோடு போட்டுப் பார்ப்பதைக்கூட அத்தை சம்மதிக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் வீட்டுப் பிள்ளையின் கையை ஒருத்தி அளந்து, வெட்டி, பெயரும் எழுதி வைத்திருக்கிறாள். அத்தை தன் பிள்ளைகளின் குச்சிகளைக் கண்ணால் பார்த்தவள்.

என்னை இழுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போக ஒருநாள் தாமதமாகிவிட்டது; மறுநாள் விதைப்பு. போனபோது தோரணம் இல்லை. "ஏனுங்கம்மா, எம்பட புள்ள கையக் குடுத்துருங்க" என்று அத்தை மரியாதையாகத்தான் கேட்டாள். துரைசானியம்மா சிரித்தார். வகுப்புக்குச் சாக்கட்டியும் கத்தரிக்கோலும் அனுப்பியது அவர் ஊர்ப் பிள்ளைகளாம். நன்றி சொல்லி அந்தக் கைகளை அவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டாராம். "அவை கப்பலில் போகும். பயப்படாதிருங்கள்" என்றார். அவர் சிரித்ததுதான் அத்தைக்குப் பெரிய சான்று. அன்றோடு வகுப்பு எனக்கு முடிந்தது.

அந்த வாரமே எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எங்கள் மலையில் அது யாருக்குத்தான் வரவில்லை? ஆனால் அத்தை கண்ட காரணம் வேறு. நான் கம்பளிக்குள் பல் கிட்டிக்கொண்டு நடுங்கும்போதெல்லாம், "புள்ள கை கடல்ல நனையுது சாமி, அதுதான் இந்தக் குளிரு" என்று அப்பாவிடம் அழுதாள். என் வலது கையை அடுப்பில் காட்டிக் காட்டிச் சூடேற்றினாள். பூசாரி வந்து மந்திரித்துவிட்டுப் போனார். குறையவில்லை. இவளும் போய்விடுவாள் என்று அப்பா வாசலில் நின்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

செய்தி கேட்டுத் துரைசானியம்மா தானாகவே வந்தார். காய்ச்சலுக்குக் கொயினா பொடி கொண்டுவந்திருந்தார். அத்தை வாசலை மறித்துக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க குடிங்க."

துரைசானியம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டு விழுங்கினார். கசப்பில் முகம் கோணியது. அவர் சிரிக்காமல் நின்று அத்தை பார்த்தது அன்றுதான். ஆனாலும் வழிவிடவில்லை.

"இன்னொன்னும் இருக்குதுங்க. புள்ள கை தனியாப் போயிருச்சு. கப்பல்ல போகுதுன்னு நீங்களே சொன்னீங்க. எம்பட கையையும் அளந்து வெட்டி அதே எடத்துக்கு அனுப்புங்க. போயிப் புடிச்சுக்கும்."

அத்தை இப்படிச் சொன்னதைக் கம்பளிக்குள்ளிருந்து என் காதால் கேட்டேன். உதிர்ந்த தலைமுடியைக்கூட யார் காலிலும் படாமல் சுருட்டிப் புதைப்பவள் அவள். துரைசானியம்மா ஏதோ விளக்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்தார். அத்தை வாசற்படியில் கையை விரித்து வைத்தாள். அரிவாள் வெட்டி நரம்பு இழுத்துக்கொண்ட சுண்டுவிரல் நிமிரவில்லை. பென்சில் அதையும் சுற்றி வந்தது. அவள் தன் சாவுக்குத் தானே குச்சி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்காக.

வெட்டி முடித்ததும், துரைசானியம்மா மிச்சத் தாளைச் சுருட்டப் போனார். அத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "இத உங்ககிட்ட உட்டா, இதையே வச்சு இன்னொரு கை வெட்டிக்குவீங்க. ஒன்னு போதும்." அதன் பிறகுதான் பொடியைக் கரைத்துக் குடிக்க விட்டாள்.

காய்ச்சல் விட்டது. கொயினா கேட்டது என்று துரைசானியம்மா கடவுளுக்கு நன்றி சொன்னார். கை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அத்தை சொன்னாள். எது சரி என்று நான் இதுவரை தீர்ப்புச் சொன்னதில்லை. துரைசானியம்மா மலையைவிட்டுப் போகும் வரை, வழியில் கண்டபோதெல்லாம், "நெசமாலுமே அனுப்புனீங்களா?" என்று அத்தை கேட்பாள். அனுப்பினேன் என்று அவரும் சளைக்காமல் சொல்வார். "சொல்றா. வெள்ளக்காரி பேச்சு, யாரு கண்டா" என்று நடந்துகொண்டே என்னிடம் முணுமுணுப்பாள். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. ஒரு மலைக்காரியின் பயத்துக்காக யார் தபால் செலவு செய்யப் போகிறார்கள்? அத்தை அதன் பிறகு நெடுங்காலம் இருந்தாள். குச்சி வைத்து அளந்த அன்று, நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டேன், குச்சி உள்ளே போகிறதா என்று.

சென்ற மாதம் பட்டணத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். மலையில் மிஷன் கோயில்களின் பழைய பொருள்களைத் தேடிப் படம் எடுக்கிறாராம். மருமகள் வாய் சும்மா இராமல் தாளைப் பற்றிச் சொல்லிவிட்டாள். ஒரே ஒருநாள் கொடுங்கள் அம்மா, திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். நல்ல பிள்ளைதான். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் தர மாட்டேன் என்றுவிட்டேன்.

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்து, தாளை மடியில் விரித்து, அந்த ஓட்டைக்குள் என் கையை வைத்துப் பார்த்தேன். விரலெல்லாம் நிறைந்துவிட்டது. என் சுண்டுவிரல் மட்டும் நேராக இருப்பதால் தாளில் இடித்தது. மெல்ல மடக்கினேன். அப்போது சரியாக உட்கார்ந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரியே இருந்தது, எனக்கு அழுகை வந்துவிட்டது. மருமகள் வரும் சத்தம் கேட்டுத் தாளை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டேன்.