பத்து விரலும் ஒரு டோனர் பாட்டிலும்

எங்க வூட்ல காலைல மொத சத்தம் கன்னத்துல பட் பட்டுன்னு தட்டுற சத்தம்தான். தட்டுறவ என் ஓரகத்தி, எங்க வூட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. பெண்ணாடத்துப் பொண்ணு, மருந்துக் கடையில வேல. கொரியா சீரியல் பாத்துப் பாத்து, அந்த ஊருப் பொம்பளைங்க மூஞ்சிக்குப் போடறத எல்லாம் கத்து வச்சிருந்தா. மூஞ்சி கழுவுன கையோட ஒரு பாட்டிலத் தொறந்து, உள்ளங்கையில ஊத்தித் தட்டுவா. அப்பறம் இன்னொரு தரம். அப்பறமும் இன்னொரு தரம்.

"தண்ணிதானடி அது? கொழாயில வர்றதுக்கு என்ன கேடு?"ம்பேன். எனக்கு வாயி சும்மா இருக்காது.

"தண்ணி இல்லக்கா, டோனரு. தோலுக்குள்ள ஈரத்த நிறுத்தும்"பா. அவளுக்குக் கோவமே வராது. அதுவே எனக்கு எரிச்சலா இருக்கும்.

எனக்கு பீங்கான் கம்பெனியில ஸ்பாஞ்சு வேல. அச்சுலேருந்து எடுத்த பொம்மையில, அச்சு ரெண்டும் சேந்து ஒட்டு விழுந்த எடம் வரப்பு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும். அத ஈர ஸ்பாஞ்சால தேச்சித் தேச்சி எடுக்கணும். இருவது வருசமா தேக்கிறேன். பொம்மையெல்லாம் வழவழன்னு ஆச்சி, என் விரலு சொரசொரன்னு ஆச்சி. வெள்ள மண்ணு கையில இருக்குற பசைய எல்லாம் உறிஞ்சிடும். ரேஷன் கடையில விரல் வைக்கச் சொன்ன வரைக்கும் நான் அதப் பத்தி நெனச்சதே இல்ல.

கார்டுல இருக்குற எல்லாரும் வந்து மிஷின்ல விரல் வைக்கணும், வைக்காதவங்க பேர எடுத்துருவாங்கன்னு சொல்லிட்டாங்க. எங்க வூட்டுக்காரரு வச்சாரு, பச்ச லைட்டு. பசங்க ரெண்டு பேரும் வச்சாங்க, பச்ச. நான் வச்சேன், செவப்பு. பத்து விரலும் செவப்பு.

"ரேகையே தெரியலம்மா. மாசக் கடைசிக்குள்ள இன்னொரு தரம் வந்து பாருங்க"ன்னாரு கடைக்காரரு. மரியாதையாத்தான் சொன்னாரு. ஆனா வரிசையில நின்னவங்க எல்லாம் என் கையவே பாத்தாங்க, எனக்கு அவமானமாப் போச்சி. உசுரோட முன்னாடி நிக்கிறேன், நான்தான் நானுன்னு சொல்ல ஒரு விரல் இல்ல.

வூட்டுக்கு வந்து தேங்கா எண்ண தேச்சேன், வழுக்குனதுதான் மிச்சம். ஓரகத்தி என் கையப் புடிச்சி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா. "ரேகை எங்கயும் போவலக்கா. காஞ்சி கெடக்குது"ன்னு சொல்லி அந்த பாட்டிலயே என் கையில குடுத்துட்டா. ஒண்ணு மேல ஒண்ணா ஏழு தரம் வைக்கணுமாம், கடைசியில கிரீமாம்.

நானும் வச்சேன், எனக்குத் தெரிஞ்ச மாதிரி. கம்பெனியில ஒரு பூச்சு காயாம அடுத்த பூச்சு பூசக் கூடாது, பூசுனா உரிஞ்சி வந்துடும். அதனால ஒருக்கா தடவிட்டு, பத்து விரலையும் விரிச்சிக்கிட்டு ஃபேனுக்குக் கீழ ஒக்காருவேன். நல்லாக் காஞ்சப்பறம்தான் அடுத்தது. ஏழும் காயறதுக்குள்ள சலிச்சிப் போயி, பிசுபிசுன்னு இந்தக் கிரீமு வேற எதுக்குன்னு வுட்டுடுவேன். நாலாம் நாளு கட்ட விரலு வெடிச்சி ரத்தம் வந்துடுச்சி.

"உன் கொரியாத் தண்ணி இருந்த கையயும் கெடுத்துடுச்சிடி"ன்னு கத்துனேன்.

"எப்பிடி வச்சீங்க, காட்டுங்க"ன்னா. ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து காட்டுனேன். முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா. "காய வைக்க நீங்க என்ன பொம்மையாக்கா? ஈரம் இருக்கும்போதே அடுத்தது வைக்கணும். மேல கிரீம் வச்சி மூடலன்னா உள்ள இருக்குற ஈரமும் போயிடும்."

அன்னியிலேருந்து சாயங்காலம் ஆனா என் கை அவ மடியில. கடையில நாள் முழுக்க நின்னுட்டு வந்தவ, ஒரு விரலு விடாம தட்டுவா. கம்பெனிக்குப் போறப்ப கிளவுசு மாட்டச் சொன்னா. ஒட்டு கைக்குத் தட்டுப்படாதுடின்னு சண்ட போட்டேன், ஆனா மாட்டிக்கிட்டேன். இவள எவ்ளோ பேச்சு பேசியிருக்கேன், ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. அவ்ளோ பொறும எனக்குச் செத்தாலும் வராது. நெனச்சா எனக்கே வெக்கமா இருந்துச்சி.

மாசக் கடைசியில அவளும் கூட வந்தா. வரிசையில நிக்கறப்பவே பாட்டிலக் கவுத்து ஒதறி, ஒதறி, வந்த ரெண்டு சொட்ட என் கட்ட விரலுல தட்டுனா. முந்தானையால ஒத்தி எடுத்து, "இப்ப வைங்கக்கா"ன்னா.

பச்ச.

கடைக்காரரு என் பேரச் சத்தமாப் படிச்சாரு. கல்யாணம் ஆனதுலேருந்து அந்தப் பேர அவ்ளோ சத்தமா யாரும் சொன்னதில்ல. சந்தோசத்துல அவளத் திரும்பிப் பாத்தேன். வெயில்ல அவ கன்னம் ரெண்டும் வெள்ளையா, செதில் செதிலா உரிஞ்சிருந்துச்சி. ஒதடு வெடிச்சிருந்துச்சி. அப்பத்தான் எனக்கு ஒறச்சது. காலைல அந்தத் தட்டுற சத்தம் கேட்டே எத்தினியோ நாளாச்சி.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க கைய நீட்டியிருக்க மாட்டீங்களேக்கா."

கடை வாசல்லயே அவ கையப் புடிச்சி நிறுத்துனேன். போன எடுத்து அதே பாட்டில ஆர்டர் போடுடின்னேன். ஒண்ணு இல்ல, ரெண்டு.

இப்ப காலைல ரெண்டு பேரும் தட்டுறோம். எங்க வூட்டுக்காரரு போர்வைய இழுத்துத் தலையோட மூடிக்கிறாரு.