உரக்கடை ரூபஸின் வாசகர்கள்

வடையைக் கையில் வாங்கியதும் ரூபஸ் வாயில் வைப்பதில்லை. முதலில் அடித்தாளை உருவிப் பிரித்து, எண்ணெய் இறங்காத மூலையாகப் பார்த்துப் பிடித்து, நெற்றியிலிருந்து மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படிப்பார். இரண்டு பக்கமும் படித்து முடித்த பிறகுதான் மூச்சு விடுவார். "இன்னைக்கும் மாயர்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறிப்போன வடையைத் தின்பார். பசுவந்தனை பேருந்து நிறுத்தத்தில் வடைக்கடை போட்டிருக்கும் ஆறுமுகத்தாய்க்கு இது பழகிவிட்டது. "வடை எப்படி இருக்குன்னு அண்ணாச்சி ஒரு நாளும் சொன்னதில்ல. தாளத்தான் ருசி பாக்காவ" என்பாள் மற்றவர்களிடம்.

அவர் படிப்பது அவரே எழுதிய புத்தகம். காசு கொடுத்துத் தன் புத்தகத்தைத் தாள் தாளாக வாங்கிப் படிக்கும் எழுத்தாளர் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "எழுதும்போதும் நான் ஒருத்தன்தான் படிச்சேன். இப்பவும் நான் ஒருத்தன்தான் படிக்கேன். நடுவுல எண்ணெய்தான் கூட."

நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய உரக்கடை. சட்டைப்பையில் மூன்று பேனா, அதில் இரண்டு எழுதாது. காலையில் வெள்ளையாக இருக்கும் வேட்டி கரிசல் தூசி ஏறி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். பூச்சி மருந்து கேட்டு யாராவது வந்தால் தலை நிமிராமல் ஒரு விரலை உயர்த்துவார். வாக்கியம் முடியவில்லை என்று அர்த்தம். வந்தவர்களும் பொறுமையாக யூரியா மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் ஒருவர் குட்டித் தூக்கமே போட்டு எழுந்ததுண்டு. "ஆராய்ச்சியில இருக்கேன், கோவிச்சுக்கிடாதீய" என்பார் ரூபஸ். மனைவி ஜெயஷீலாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "கடையில எலி ஓடுது. அத முதல்ல ஆராய்ச்சி பண்ணுங்க."

மொத்தம் மூன்று புத்தகங்கள். முதலாவது 'விசுவாசம்: ஐயம் தெளிவித்தல்'. இளவயதில், எல்லாம் தெரிந்திருந்த காலத்தில் எழுதியது. இரண்டாவது படைப்புழுவால் வந்தது. மக்காச்சோளக் காட்டையெல்லாம் அந்தப் புழு குருத்தோடு தின்று தீர்த்த வருஷம், சோளம் விதைத்திருந்த கருத்தையா என்கிற சம்சாரி காலி மருந்து பாட்டிலும் கையுமாகக் கடைக்கு வந்து நின்றார். "ஏன் அண்ணாச்சி, இந்தச் சோளத்த உலகத்துல மொதமொதல்ல விதைச்சவன் எவன்? அவன் புழுவுக்கு என்ன செஞ்சான்?" என்று கேட்டார்.

ரூபஸுக்குத் தெரியவில்லை. கைபேசியில் தேட ஆரம்பித்தவர் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் போய் மாயர்களிடம் மாட்டிக்கொண்டார். தேவர்கள் முதலில் மண்ணால் மனிதனைச் செய்தார்கள், அவன் கரைந்துபோனான். மரத்தால் செய்தார்கள், அவனுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை. கடைசியில் சோளமாவைப் பிசைந்து செய்தார்கள், அவன்தான் நிலைத்தான் என்று அந்த மக்கள் நம்பினார்கள் எனப் படித்தபோது அவருக்குப் புல்லரித்துவிட்டது. "நம்ம வேதத்துல மண்ணோட நிறுத்திட்டாவ. அவிய சோளம் வரைக்கும் போயிருக்காவ பாத்தீரா" என்று உரம் வாங்க வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் 'மாயர் சோளமும் மானாவாரிச் சோளமும்'. மூன்றில் அதுதான் தடிமன். மழைத்தெய்வம் உண்டு, நாள்காட்டி உண்டு, பிரமிடு உண்டு. புழுவுக்கு என்ன செய்தார்கள் என்பது மட்டும் அதில் கிடையாது. ஊரில் அதைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "உலகம் அழிஞ்சிரும்னு சொன்னவியதான? சொன்னபடி செய்யலையே" என்பதுதான்.

கோவில்பட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் அச்சடித்து, போகிற வீட்டுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். வாங்கியவர்கள் மரியாதையாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு அந்தப் புத்தகங்களைக் கிரைண்டருக்கு அடியிலும் ஜன்னல் கதவு அடிக்காமல் இருக்கவும் வைத்திருந்ததை அவரே பார்த்தார். எப்படியோ வீட்டைத் தாங்குகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

யாரும் படிக்கமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த மனிதன் என்னவெல்லாம் உண்மை எழுதிவிடுகிறான். அந்தத் தைரியத்தில் எழுதியதுதான் மூன்றாவது, 'தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆண்டவரே'.

அவர் தகப்பனார் வேதமாணிக்கம், ஊர்ச் சபையில் போதகருக்கு உதவியாக ஜெபம் நடத்தும் உபதேசியாராக இருந்தவர். விதைப்புக்கு முன்னால் ஊர்க்காரர்கள் விதையை ஓலைப்பெட்டியில் கொட்டி அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் விதைக்குள் கைவைத்து ஜெபிப்பார். அவருக்குப் பின் அந்த வழக்கம் மகன் தலையில் வந்து விழுந்தது. சபையார் மட்டுமல்ல, அம்மனுக்குப் பொங்கல் வைத்த கையோடு கருத்தையாவும் வருவார். "எல்லா ஆபீசுலயும் ஒரு மனு கொடுத்து வைக்கணும்லா அண்ணாச்சி." மருந்து கலந்த சோள விதைக்குள் கையை விட்டு எடுத்தால் உள்ளங்கை சிவந்துவிடும். விதைப்புக் காலத்தில் ரூபஸின் வேதாகமம் ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் இருக்கும்.

மூன்றாவது புத்தகத்தின் நடுவில் அவர் இப்படி எழுதியிருந்தார்: 'பல வருஷமாக எனக்கு ஜெபம் வரவில்லை. வாய் அசைகிறது. கண்ணை மூடினால் ஆண்டவருக்குப் பதிலாக வரவேண்டிய உர லாரிதான் தெரிகிறது. அதனால் மூடுவதில்லை. விதை கொண்டுவந்தவர்கள் கண்மூடி நிற்கும்போது அவர்கள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயிலில் கருத்த அந்த முகங்களில் அப்போது ஏதோ ஒன்று வந்து இறங்கும். எனக்கு மிஞ்சியிருக்கும் விசுவாசம் அவ்வளவுதான். அதுவும் அவர்களுடையது.'

போன மாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த சோளம், பூசணி, சேவல் எல்லாவற்றையும் ஆலய வாசலில் ஏலம் விடுவார்கள். எல்லாச் சாதி சனமும் வந்து கேட்கும். கடைசியாக ஒரு கட்டுமூட்டை. வாயைத் தைத்து, உள்ளே என்ன என்று சொல்லாமலே ஏலம் விடுவது இந்தச் சபையின் வழக்கம். அதிர்ஷ்டம் இருந்தால் உளுந்து, இல்லாவிட்டால் தேங்காய் நார். பண்டிகைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று ரூபஸ் மீதமிருந்த தன் புத்தகங்களையெல்லாம் ஒரு உரச்சாக்கில் அடைத்து, கடை ஊசியால் வாயைத் தைத்து, காணிக்கைச் சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஏலம் போடும் ஜேம்ஸ்ராஜ் அந்தச் சாக்கைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டார். கட்டுமூட்டைக்கென்று தைத்திருந்த சாக்கு மூலையிலேயே கிடந்தது.

ரூபஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். வாயைத் திறக்கவும் செய்தார். அதற்குள் ஒருவர் கேட்டார். இன்னொருவர் கூடக் கேட்டார். மூன்றாவதாக ஆறுமுகத்தாய் அதற்கும் மேலே கேட்டாள். தன் புத்தகங்களுக்காக மூன்று பேர் போட்டி போடுவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாய் மூடிக்கொண்டது. முகத்தில் சிரிப்பு வேறு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

மூட்டையைப் பிரித்த ஆறுமுகத்தாய் உளுந்து இல்லையே என்று ஒரு நாள் வருத்தப்பட்டாள். மறுநாள் முதல் வடைக்குத் தாள் ஆயிற்று. மேலே அடுக்கியிருந்த முதல் புத்தகப் பிரதிகளைத்தான் முதலில் கிழித்தாள். விசுவாசம் சித்திரையோடு தீர்ந்தது. வைகாசியில் மாயர்கள் தொடங்கினார்கள். புத்தகத்தைத் திறக்காதவர்களும் வடைத்தாளைப் படிப்பார்கள் என்பதால், மூன்றாவது வந்துவிட்டதா என்று ரூபஸ் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாயுத் தொல்லைதான் மிச்சம்.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். "தாயி, அந்த மூட்டைய எனக்கே தந்திரேன். வேற பழைய பேப்பர் எம்புட்டு வேணும்னாலும் தாரேன்."

"கோயில்ல ஏலம் எடுத்த பொருள யாராவது திருப்பிக் கொடுப்பாவளா? நீங்களே கேக்கலாமா அண்ணாச்சி? அது வந்த பெறவுதான் யாவாரம் நல்லா ஓடுது."

காரணத்தைச் சொல்லிக் கேட்க முடியாது. சொன்னால் அவளே முதல் ஆளாக எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். சபைக் கமிட்டியிலிருந்து நீக்கினால் நீக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தூங்கலாம். ஆனால் புரட்டாசியில் யாரும் விதை கொண்டுவராமல் போய்விட்டால்? அந்த முகங்களையும் பார்க்க முடியாமல் போனால் அவரிடம் மிச்சம் ஒன்றுமே இருக்காது.

ஆவணி பாதியில் மாயர்களும் தீர்ந்து, வடைக்கு அடியில் மூன்றாவது புத்தகம் வந்துவிட்டது. அன்று சட்டியிலிருந்த வடை முழுவதையும் ரூபஸே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாளும் அப்படியே. "யாருக்குங்க விசேஷம்?" என்று ஜெயஷீலா கேட்டதற்கு, "ஆராய்ச்சி" என்றார். நல்ல உளுந்த வடையை எறிய அவருக்கு மனசு வராது. அத்தனையையும் தானே தின்றார். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடமாட ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் புத்தகத்தின் நடுப்பகுதி ஊருக்குள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் போதகர் ஐயர் "ஜெபம் பண்ணுவோம்" என்றதும் ரூபஸ் வழக்கம்போல் கண்ணை மூடாமல் பார்த்தார். பாதிச் சபை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸ்ராஜ் பதறிப்போய்த் தன் கண்ணை இறுக்கிக்கொண்டார். ரூபஸின் காது மடல் வரை சூடாகிவிட்டது. ஆசைப்பட்டபடியே வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "கல்யாணம் ஆனதுலேருந்து பக்கத்துலதான முழங்கால் போடுதேன். உங்களுக்கு ஜெபம் வந்தா கால் விரலு ஆடாது. அது ஆட ஆரம்பிச்சு வருசக் கணக்காச்சு. இதுக்குப் புத்தகம் வேற அடிக்கணுமாக்கும்."

புரட்டாசி வந்தது. மேற்கே மேகம் கூடியது. சனங்கள் கடைக்கு வந்து விதைப் பாக்கெட் வாங்கினார்கள். மழை பற்றிப் பேசினார்கள், காட்டுப்பன்றி பற்றிப் பேசினார்கள். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். விதையை ஓலைப்பெட்டியில் கொட்டி ஜெபத்துக்குக் கொண்டுவரும் நாளில் யாரும் வரவில்லை. ரூபஸ் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எலி ஓடியது, அதைக்கூட விரட்டத் தோன்றவில்லை. அவருக்கு அழுகை வந்தது. இந்த வயதில் உரக்கடையில் உட்கார்ந்து அழுவதும் ஒரு ஆராய்ச்சிதான் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தும் அழுகை நிற்கவில்லை.

வெயில் ஏறின பிறகு கருத்தையா வந்தார். ஓலைப்பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே சிவப்புச் சோளம்.

"என்னவே, தெரியாதா உமக்கு?" என்றார் ரூபஸ்.

"தெரியும் அண்ணாச்சி. வடை வாங்கின தாள எம்மவ வாசிச்சுச் சொன்னா."

"தெரிஞ்சும் ஏன் கொண்டாந்தீரு? எனக்கு ஜெபம் வராதுன்னுதான அதுல போட்டிருக்கு."

"அதுல ஒரு மூஞ்சியப் பத்தி எழுதியிருக்கீயள்லா. கண்ண மூடிக்கிட்டு நிக்கிற மூஞ்சி." கருத்தையா கொஞ்சம் கூச்சப்பட்டார். "அதுல என் மூஞ்சியும் உண்டா?"

ரூபஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினார். எழுந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, விதைக்குள் கையை வைத்தார்.

கருத்தையா தோளிலிருந்த துண்டை எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் அழுந்தத் துடைத்தார். கலைந்த முடியை விரலால் ஒதுக்கினார். போட்டோ பிடிக்க நிற்பவரைப் போல நேராக நிமிர்ந்து, வெளிச்சம் விழும்படி முகத்தை வாசல் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.